எங்கள் வீட்டில் இல்லாத மூன்றாம் பாகம்

எங்கள் வீட்டில் மூன்றாம் பாகம் என்று ஒன்று கிடையாது. அது அண்ணா போட்ட சட்டம். புலம்பெயர்ந்து வந்து பாபடோயிட்டோயில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டில் அப்பா போட்ட சட்டங்களும் நிறைய இருந்தன. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும், சாப்பிடும்போது புத்தகம் பார்க்கக் கூடாது, இப்படிப் பல. அவற்றையெல்லாம் வசதிப்படி மீறிக்கொண்டு திரிந்தோம். அண்ணாவின் சட்டத்தை மட்டும் மீற எனக்குத் துணிவு வந்ததில்லை.

விஷயம் ஒரு விண்வெளிப் படம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள், ஆகவே சொல்லவில்லை. வானத்தின் ஒரு கோடியில் கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு துறை. அங்கே பழுதான விண்கப்பல்களைத் திருத்தும் ஒரு தாய். அவளுக்கு ஒரே மகன், கப்பலோட்டி. முதல் பாகத்தில் அவன் ஓட்டப் பழகுகிறான். இரண்டாம் பாகத்தில் வானம் ஓரிடத்தில் கிழிந்துபோகிறது. அந்தக் கிழிசல் ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வர, யாராவது ஒருவர் உள்ளே போய்த்தான் அதை மூட வேண்டும் என்றாகிறது. மகன் போகிறான். கிழிசல் மூடிக்கொள்கிறது. தாய் துறையில் நிற்கிறாள். படம் முடிந்தது.

உலகத்தில் எடுத்த எல்லாப் படங்களின் முடிவுகளிலும் அதுதான் சிறந்தது என்பது அண்ணாவின் முடிந்த முடிவு. அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. உலகத்தில் எடுத்த படங்களில் ஒரு நாற்பதைப் பார்த்திருப்பான். ஆனாலும் இணையத்தில் முகம் தெரியாத ஆட்களோடு அவன் எழுதிச் சண்டைபிடித்த வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

பிறகுதான் அந்த மூன்றாம் பாகத்தை எடுத்துத் தொலைத்தார்கள். அதில் மகன் திரும்பி வந்துவிடுகிறான். கிழிசலுக்குள்ளே ஏதோ ஒரு குளிர்ப்பெட்டியில் பனிக்கட்டியாய் உறைந்து கிடந்தானாம். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அண்ணா இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. செத்தவனைச் செத்தவனாக விடத் தெரியாதவர்களுக்குக் கதை சொல்ல என்ன தகுதி என்று சாப்பாட்டு மேசையில் இருந்து முழங்கினான். நல்லகாலம், ஆங்கிலத்தில் முழங்கினான். நல்லகாலம் என்று ஏன் சொல்கிறேனென்றால், அந்த மேசையில் பெரியம்மாவும் இருந்தார்.

பெரியம்மா அம்மாவின் அக்கா. மன்னாரில் இருந்து எங்களிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கிழமை நாட்களில் விடிய வரும் வான் வண்டியில் ஏறி, புக்கெகோஹியில் கரட் பொதிசெய்யும் இடத்துக்கு வேலைக்குப் போவார். அவருக்கு ஒரே மகன். சண்டை முடிகிற காலத்தில் சோதனைச்சாவடி ஒன்றில் ஆமிக்காரர் அவனைப் பேருந்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டார்களாம். அதன்பிறகு ஏழு வருடமாகியும் ஒரு தகவலும் இல்லை. வீட்டில் அதைப் பற்றிக் கதைத்தால் ஒரே வசனம்தான்: "அவனைக் காணேல்லை."

எனக்கு அப்போது பத்து வயது. இங்கேயே பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால் பூசை முடிந்து வெளியே வரும் மாமிமார் எல்லாரும் என் கன்னத்தைக் கிள்ளி, "என்ன பிள்ளை, உன்னைக் கனநாளாக் காணேல்லை" என்பார்கள். ஆகவே பெரியம்மாவின் மகனும் கனநாளாக வந்து எட்டிப்பார்க்காத ஒரு ஆள் என்று விளங்கிக்கொண்டேன். தாயை வந்து பார்க்காத மகன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

பெரியம்மா வருவதற்கு முன் நான் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. எங்கள் வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான். பெரியம்மாவுக்கோ ஆங்கிலம் துப்பரவாகத் தெரியாது. சனிக்கிழமை மத்தியானங்களில் அப்பா விமான நிலையத்துக்கும் அம்மா முதியோர் இல்லத்துக்கும் வேலைக்குப் போய்விட, தொலைக்காட்சியின் முன்னால் நானும் அவரும்தான். படத்தைப் போட்டால், "என்னவாம் சொல்லுறான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். சொல்லாவிட்டால் விடமாட்டார். இப்படித்தான் எனக்குத் தமிழ் வாயில் வந்தது. விண்கப்பலுக்கு என்னிடம் சொல் இருக்கவில்லை. அவர் "வள்ளம்" என்றார். கப்பல்கூட்டத்துக்கெல்லாம் தலைவனாய் ஒருவன் வருவான். மன்னார்க் கடற்கரையில் வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளியைச் சொல்வதுபோல, "இவன்தான் சம்மாட்டியாக்கும்" என்று அவனுக்கும் பெயர் வைத்தார். இன்றைக்கு நான் ஆஸ்பத்திரிகளில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்குகிறேன். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அந்தத் தமிழை எனக்குத் தந்தவர் பெரியம்மா. அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாம் பாகத்தை முடித்த அன்றுதான் வில்லங்கம் தொடங்கியது. கடைசிக் காட்சியில் ஒருவன் வந்து தாயிடம் மகனைப் பற்றி ஒரு சொல் சொல்வான். அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தொலைந்துவிட்டான் என்றும் பொருள் உண்டு, செத்துவிட்டான் என்றும் பொருள் உண்டு. நான் எனக்குத் தெரிந்த தமிழில், "அவனைக் காணேல்லையாம்" என்றேன். படம் முடிந்து எழுத்து ஓடியது. பெரியம்மா அசையவில்லை.

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. முடிஞ்சுது."

"உது என்ன முடிவு? அந்த மனிசி இன்னும் அதிலதானே நிக்கிறா."

அதுதான் அதன் அருமை என்று அண்ணா இணையத்தில் எழுதிய பெரிய கட்டுரையை எனக்குத் தெரிந்த தமிழில் எடுத்துச் சொன்னேன். அவன் செத்துப்போனான், அதனால்தான் படம் நல்ல படம் என்றேன். பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "காணேல்லை எண்டுதானே முதல் சொன்னனீ. செத்துப்போனான் எண்டு சொல்லேல்லையே" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். அவர் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும், "அந்தப் பெடியன்ர மிச்சக் கதை வந்திட்டுதோ?" என்று ஒருதரமாவது கேட்பார். நான் சட்டத்தை மதித்து, இல்லை என்பேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா மீனும் முருங்கையிலையும் வாங்கிக்கொண்டு கடைத்தெருவில் இருந்து வந்தார். பைக்குள்ளே இருந்து ஒரு டிவிடியையும் எடுத்தார். பழைய சாமான் விற்கும் கடையில் கண்டாராம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, அட்டையில் இருந்த முகமும் அதன் பக்கத்தில் இருந்த மூன்று என்ற இலக்கமும் போதாதா. "இந்தா, வந்திட்டுது" என்று என் கையில் தந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் உள்ளே எட்டிப்பார்த்தேன். அண்ணா தன் அறைக்குள்ளே காதில் எதையோ மாட்டிக்கொண்டு இருந்தான். சத்தத்தைக் குறைத்துவைத்துப் படத்தைப் போட்டேன்.

முதல் முக்கால் மணி நேரம் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். பிறகு அந்த இடம் வந்தது. சின்ன வள்ளமொன்று துறைக்கு வந்து சேர்கிறது. கதவு திறக்கிறது. உள்ளே குளிர்ப்பெட்டி. பெட்டிக்குள்ளே அவன். தாய் ஓடி வருகிறாள். பெரியம்மா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். "அவன்தானே?" என்றார். "பிள்ளை, அவன்தானே?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ரசிகை. கண்ணுக்கு முன்னால் கதை சீரழிவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது. மூன்றாம் பாகத்தைத் தாங்கமுடியாத ரசிகர்கள் சேர்ந்து ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அண்ணா அதற்குத் தீவிர ஆதரவாளன். வந்தவன் உண்மையான மகனில்லை, அவனைப் போலவே செய்து அனுப்பிய இயந்திரம் என்பதே அந்த விளக்கம். படத்தில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. நான் சொன்னேன்: "அது அவனில்லை பெரியம்மா. அவனைப் போலச் செய்த மெசின். அவன் எப்பவோ செத்துப்போனான். தாய்க்குத் தெரியாது, அதுதான் கட்டிப்பிடிக்கிறா."

"தாய்க்குத் தெரியாதோ" என்று பெரியம்மா மெதுவாகச் சொன்னார். பிறகு தலையிடிக்கிறது என்று எழும்பி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. சட்டத்தையும் காப்பாற்றியாயிற்று, கதையையும் காப்பாற்றியாயிற்று.

தண்ணீர் குடிக்க வந்த அண்ணா திரையைப் பார்த்துவிட்டு நின்றான். இது எப்படி வீட்டுக்குள் வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் நடந்ததைச் சொல்லி, அவனுடைய விளக்கத்தை எவ்வளவு சாமர்த்தியமாகப் புகுத்தினேன் என்பதையும் சொன்னேன். பாராட்டுவான் என்று பார்த்தால் அவன் முகம் செத்துவிட்டது. பெரியம்மாவின் கதவைப் பார்த்தான். பிறகு போய் அதைத் தட்டினான்.

அண்ணா மன்னாரில் பிறந்தவன். நாலு வயதில் அவனை இங்கே கொண்டுவந்தார்கள். பெரியம்மாவின் மகன்தான் அவனைச் சைக்கிள் பாரில் வைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டுவாராம். இதையெல்லாம் பின்னாளில் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். இங்கே வந்தபின் அண்ணா தமிழ் கதைப்பதை விட்டுவிட்டான். அதனால் அவனுடைய தமிழுக்கு வயது நாலிலேயே நின்றுபோயிற்று. அன்றைக்கு உடைந்த ஆம்பிளைக் குரலில் அந்த மழலைத் தமிழ் வெளியே வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

"பெரிம்மா, வாங்கோ. இவள் பிழையாச் சொல்லிப்போட்டாள். அது மெசின் இல்லை. அது அவன்தான். நான் காட்டித்தாறன்."

பெரியம்மா வந்தார். அண்ணா அவர் பக்கத்தில் இருந்து படத்தை முதலிலிருந்து போட்டான். தான் வெறுத்த அந்தப் படத்தின் ஒவ்வொரு வசனத்தையும், தெரியாத சொல்லுக்குக் கையால் காட்டி, ஒரு கேலி இல்லாமல், முகத்தைக்கூடச் சுளிக்காமல் சொல்லிக்கொண்டு போனான். துறைக்கு வள்ளம் வரும் இடம் வந்ததும், "அவன் வாறான், பாருங்கோ, பாருங்கோ" என்றான். பெரியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சியைத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டான். இன்னும் ஒருதரம் என்றார். அதையும் போட்டான். இதற்காக அண்ணாவுக்கு நான் இன்றுவரை நன்றி சொன்னதில்லை. இப்போது அவன் கிளென்ஃபீல்டில் வீடு வாங்கி, மோர்ட்கேஜைப் பற்றி மட்டுமே கதைக்கிற மனிதனாகிவிட்டான். சொன்னால் கேலிதான் செய்வான். ஆனால் ஒரு பதினைந்து வயதுப் பெடியன் தன் கொள்கை முழுவதையும் ஒரு மத்தியானத்தில் விழுங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அப்படி ஒருவனோடு கூடப்பிறந்தது என் பாக்கியம்.

ரசிகர்கள் எல்லாரும் காறித்துப்பிய குளிர்ப்பெட்டியைப் பற்றிப் பெரியம்மாவுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. மீனை ஐஸில் போட்டால் பழுதாகாதுதானே என்றார். மூன்றாம் தரம் கதவு திறந்தபோது மட்டும் அண்ணாவிடம் ஒன்று கேட்டார்.

"தம்பி, ஐஸுக்குள்ள ஏழு வருசம் கிடந்தாலும் ஒண்டும் ஆகாதோ?"

அந்தக் கப்பலோட்டி கிடந்தது ஒன்றரை வருடம்தான். படத்தில் இரண்டு இடத்தில் அதைச் சொல்கிறார்கள், டிவிடி அட்டையின் பின்பக்கத்திலும் போட்டிருக்கிறது. அண்ணா எண்களில் பிழைவிடும் ஆளே இல்லை.

"ஆகாது பெரிம்மா" என்றான். "இவன் ஏழு வருசம்தான் கிடந்தவன்."

நான் பாய்ந்து விழுந்து, பதினெட்டு மாதம் என்று ஆங்கிலத்தில் திருத்தினேன். அவள் என்னவாம் சொல்லுகிறாள் என்று பெரியம்மா கேட்டார். அண்ணா என்னைத் திரும்பியும் பார்க்காமல், "நான் சொன்னது சரியாம்" என்றான்.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு ஃபிஜிக்காரச் சிநேகிதியிடம் ஓடிப்போய், எங்கள் அண்ணாவுக்கு அந்தப் படத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.