கோட்டைத் தாண்டிய பிறகு

என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறவர் என்று சொன்னால், திண்டுக்கல் பக்கம் லாரியா, வேனா என்று கேட்பார்கள். ரேக்ளா என்பேன். இரண்டு காளை, உட்கார ஒரு பலகை, தூசு பறக்க நேராக ஒரு ஓட்டம். கூட ஓட்டுகிற பையன்களுக்கெல்லாம் இவர் அப்பா வயது. இந்த வயதில் மற்ற ஆண்கள் முழங்கால் வலிக்கிறது என்று சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாடு எங்களுடையதல்ல. பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற ஒருவருடையது. அவர் வளர்ப்பார், இவர் ஓட்டுவார். கோப்பை அவர் வீட்டு அலமாரிக்குப் போகும், வலி எங்கள் வீட்டுக்கு வரும். இதை அவர் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார்.

போன வருஷம் இவருக்கு இடது தோள் மூட்டு நழுவிவிட்டது. திண்டுக்கல்லில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். பாரம் தூக்கக்கூடாது, வெடுக்கென்று எதையும் இழுக்கக்கூடாது என்றார்.

"கயிறு புடிக்கலாங்களா?" என்று கேட்டார் இவர்.

"கிணத்துல தண்ணி இறைக்கவா? அதெல்லாம் எதுக்கு, மோட்டார் போட்டுக்குங்க" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்து கும்பிட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை திட்டிக்கொண்டே வந்தேன். பஸ் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியதும், "டாக்டரே பந்தயத்துக்குப் போவாதீங்கன்னு சொல்லலியே புள்ள" என்றார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. பந்தயத்துக்கு நான் போவதில்லை. போனில் நேரடியாகக் காட்டுகிறார்கள், அதில் பார்ப்பேன். துணி மடிப்பேன், மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, எதற்குப் பற்றவைத்தேன் என்று நிற்பேன். மைக்கில் பாலசமுத்திரம் என்று பெயர் கேட்டதும் போனைக் கையில் எடுத்துவிடுவேன்.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் பந்தயம் கோட்டோடு முடிந்துவிடும். எத்தனை செகண்டு என்று எல்லாக் கண்ணும் விளக்குப் பலகைக்குப் போகும், கேமராவும் அங்கே திரும்பிவிடும். கோடு முடிந்தது என்று காளைக்கு யார் சொல்வது? அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதை இழுத்துப் பிடித்து நிறுத்தத்தான் தோள் வேண்டும். ஒரு காலத்தில் இவர் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்திவிடுவார். பிறகு அந்தத் தூரம் கூடிக்கொண்டே வந்தது. இப்போது எங்கே நிறுத்துகிறார் என்பது திரையிலேயே வருவதில்லை.

இந்தக் கோடையில் தொப்பம்பட்டிப் பக்கம் நடந்த பந்தயத்தில் இவர்தான் முதல். செகண்டு மின்னியது, விசில் பறந்தது, மைக் பிடித்தவர் தொண்டை கிழியக் கத்தினார். நான் போனைப் பார்த்து, "ஆளைக் காட்டுங்கடா!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அதற்குள் அடுத்த வண்டி கிளம்பிவிட்டது. இவருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கேட்டுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன்.

பொழுது சாய வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் செம்மண். மூச்சு விடாமல் ஆரம்பித்தேன். பேரன் எடுக்கிற வயதில் பையன்களோடு என்ன போட்டி, கை போனால் யார் சோறு ஊட்டுவது, என் உயிரை வாங்கத்தான் பிறந்தீர்களா என்று எல்லாம் கேட்டேன். வழக்கமாகச் சிரித்தபடி தட்டை எடுப்பார். அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நான் நிறுத்தல புள்ள."

"என்னது?"

"கோட்டத் தாண்டுனதும் இழுத்தேன். கையில வலுவே இல்ல, கயிறு அதும்பாட்டுக்கு வழுக்கீட்டுப் போகுது. முன்னால மோர்ப்பந்தல். பொம்பளைங்க, கொழந்தைங்கன்னு ஒரே சனம். வலத்தக் காளை என்ன நெனச்சுச்சோ, தானாத் திரும்பிச் சோளக்காட்டுக்குள்ள எறங்கீருச்சு. அதுகளா நின்னுதுக. எனக்கு வந்து துண்டு போத்தறாங்க."

இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்திருந்தார். "போதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா, போதும்" என்றார். "அவருகிட்ட நானே சொல்லீர்றேன்."

இவர் போனைக் கையில் எடுப்பதற்குள் அதுவே அடித்தது. தோப்புக்காரர்தான். காளைக்குக் காலில் ஒரு கீறல், தீனி இப்போதுதான் எடுத்தது என்று மாட்டைப் பற்றியே பேச்சு. இவர் சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தார். கடைசியில் "சரிங்க" என்று வைத்துவிட்டார்.

"ஏனுங்க, சொல்லவே இல்லியே?"

"சொல்ல வேண்டியதில்ல. அடுத்த வாரம் வாங்கன்னு அவரு சொல்லல."

எங்கள் பக்கம் மாட்டுக்காரர் எவரும், ஓட்டுகிறவரிடம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டார். மரியாதை கெட்டுவிடும். பேச்சை முடிக்கும்போது அடுத்த வாரத்தைப் பற்றிப் பேசமாட்டார், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் இவரிடம் அடுத்த வாரம் வாங்க என்று சொல்லாமல் அந்த மனிதர் போனை வைத்ததில்லை.

இதற்காக நான் வேண்டாத சாமியில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அந்தத் தோப்புக்காரர் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. இவர் தன் வாயால் சொல்லுகிற வரைக்கும் பொறுக்க முடியாதா ஒரு மனுசனுக்கு? "போனக் குடுங்க, நான் கேக்கறேன்" என்று கையை நீட்டினேன்.

இவர் தரவில்லை.

"விடு புள்ள" என்றார். "அவரு எடத்துல நான் இருந்தாலும் ஓட்டக் கூப்புட்டிருக்க மாட்டேன்."