கழற்றப் போன படம்

திண்டுக்கல்லில் பல வருடமாக மூடிக் கிடந்த ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையைச் சுத்தம் செய்து ஓவியக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாம். கடைகளுக்குப் போர்டு எழுதி வந்த எனக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. மெல்லப் பழகி, இடது கையால் சிறுமலையை வரைந்து அங்கே மாட்டினேன்.

முதல் நாளே ஒருவர் என் பக்கத்தில் நின்று, "சின்னப்புள்ள கிறுக்குனதையெல்லாமா மாட்டுவாங்க?" என்று சிரித்தார். வரைந்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை படத்தைக் கழற்றி வரப் போனேன்.

ஆணியிலிருந்து இறக்கும்போது, "அண்ணே, செத்த நேரம் இருக்கட்டும்ணே" என்று ஒரு பெண் குரல் கேட்டது. முன்பின் தெரியாதவர். தன் கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார்.

"நேத்து வந்தப்ப இங்க இருக்கவங்க ஒங்களப் பத்திச் சொன்னாங்க. இவருக்கும் இதே மாதிரிதான் கை விழுந்திருச்சு. வீட்டவிட்டு வரமாட்டேன்னு கெடந்தாரு. இதக் காட்டத்தான் கெஞ்சிக் கூட்டியாந்தேன்."

படத்தை மறுபடி மாட்டினேன். கணவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மலை நல்லா வந்திருக்கு" என்று குழறலாகச் சொல்லி இடது கையை நீட்டினார். நானும் இடது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் இடது கை கொடுப்பது மரியாதை இல்லை. எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

கண்காட்சி முடியும்வரை படம் அங்கேயே இருந்தது. கோடுகள் கோணல்தான். அதை மறைக்க வேண்டும் என்று அதன்பின் நான் நினைத்ததில்லை.