அம்மாவுக்குச் சொல்லும் கணக்கு

அன்று அறையில் இருந்தது நானும் என்னோடு தங்கியிருந்த நண்பனும்தான். அவனுடைய அம்மா அங்கே இல்லை. மகன் வெள்ளவத்தையில் இருந்து படிக்கிறான் என்ற நிம்மதியில் அவர் கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையில் இருந்தார்.

என் இறுதியாண்டு ஆய்வு மாணவர்களின் மனநிலை பற்றியது. தூக்கம், சாப்பாடு, படிக்கும் நேரம் என்று பலரிடம் கேட்டு வாங்கிய பதில்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, யாருக்கு மனச்சோர்வு வரக்கூடும் என்று கணிக்கவைத்தேன். கணிப்பை மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பதில் ஆபத்தைக் கூட்டியது, எது குறைத்தது என்றும் அது காட்டவேண்டும். கூட்டினால் சிவப்புக் கோடு, குறைத்தால் நீலம்.

"எனக்கும் ஒருக்கா போட்டுப் பார் மச்சான்," என்றான் நண்பன். போட்டேன். ஆபத்துக் குறைவு என்று வந்தது.

"பாத்தியா, நான் நோர்மல். உன்னைப் போட்டாத்தான் மெஷின் புகையும்."

சிரித்துக்கொண்டே கோடுகளைப் பார்த்தேன். தூக்கம் சிவப்பு, சாப்பாடும் சிவப்பு. ஒரேயொரு நீலக்கோடுதான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருந்தது: நாளுக்குப் பத்து மணித்தியாலம் படிப்பு.

"பத்து மணித்தியாலமோ?"

"அது அம்மாக்குச் சொல்லுற கணக்கடா. பழக்கத்தில வந்திட்டுது."

"உண்மையா எவ்வளவு?"

"புத்தகம் முன்னால கிடக்கும். ஒரு வரி ஏறாது. ஒரு மாசமா இப்பிடித்தான்."

அந்த மாதம் முழுக்க, அவன் படிக்கிறான் என்று நான் அறைக்குள் மெல்ல நடந்து திரிந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் படிக்கப்போன முதல் ஆள் நான். அப்பாவுக்குப் போனில் சொல்ல என்னிடமும் ஒரு பத்து மணித்தியாலம் இருந்தது. இருந்தும் அந்தக் கேள்வியைக் கேட்டு, வந்த பதில்களை அப்படியே நம்பியிருக்கிறேன்.

பத்தை அழித்துப் பூச்சியம் போட்டேன். நீலம் போய்விட்டது; ஆபத்துக் கூடுதல் என்று மாறியது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாக்குச் சொல்லுவம்," என்றேன்.

"வாற சோதினை எழுதேல்லையெண்டா உடைஞ்சுபோவா மச்சான்."

"நானும் வாறன். எழும்பு."

கொட்டாஞ்சேனையில் அவன் தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் சொல்லிமுடித்தான். அம்மா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லன் ராசா. நானென்ன மார்க்ஸா போடப்போறன்?" பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, உம்மட மெஷின் டொக்டரிட்டப் போகச் சொல்லுமோ?"

"அது சொல்லாது அன்ரி. நான் சொல்லுறன்."

மறுநாள் காலை மூவருமாக அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் பரீட்சையை அடுத்த தடவைக்குத் தள்ளிவைத்தான். டொக்டருக்குக் காசு கட்டவேண்டியிருக்கவில்லை. ஆட்டோவில் போய்வர மட்டும் ஆயிரத்து அறுநூறு ரூபா.