கொக்கி உடைந்த நீல வயர்

என் மேசை லாச்சியில் ஒரு நீல வயர் கிடக்கிறது. நெட்வேர்க் வயர். ஒரு முனையில், துளைக்குள் செருகியதும் பிடித்துக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கிறது. என்றோ குப்பைக்குப் போயிருக்க வேண்டிய சாமான். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம், யுத்த காலத்தில் கண்டியில் எனக்கு மேலே இருந்த முகாமையாளரின் முகம் நினைவுக்கு வரும். கூடவே வாயில் ஒரு கசப்பும் வரும்.

ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருந்தோம். இரத்தப் பரிசோதனை முடிவுகள் முதல் மருந்துச் சீட்டு வரை, சோடியாக இணைத்த இரண்டு சேர்வர்களில் ஓடின. ஒவ்வொன்றிலும் இரண்டு நெட்வேர்க் கார்டுகள். முதல் கார்டின் வயர் விட்டுப்போனால் வேலை தானாக இரண்டாவதற்கு மாறும். முதலாவது மறுபடி உயிர்த்தால் தானாகத் திரும்பிப் போவதா, ஆள் பார்த்துத் திருப்புவதா என்பதை நாங்கள்தான் பதிய வேண்டும். ஆள் பார்த்துத்தான் என்றேன். "ஏன் விட்டதெண்டு பாக்காமல் திரும்பப் போகக் கூடாது சேர்." முகாமையாளர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "மெயின் எண்டால் மெயின்தான். எனக்குப் படிப்பிக்க வராதையும்." தானாகத் திரும்பும்படியே பதியச் சொன்னார். பதிந்தேன்.

அவரும் என்னைப் போல யாழ்ப்பாணத்தவர்தான். ஆனால் நாலு பேர் முன்னால் அவருக்குத் தமிழ் வராது. ஆங்கிலம், இல்லாவிட்டால் சிங்களம். கதவு சாத்தியிருந்தால் மட்டும் என்னோடு தமிழ். அந்தக் காலத்துப் பயம் எனக்கும் இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பகட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. கொழும்பிலிருந்து யார் வந்தாலும் சேர்வர் அறைக்கு இழுத்துப் போவார். முதல் கார்டில் இருந்த இந்த நீல வயரைச் சடக்கென்று பிடுங்கி, "பார்த்தீர்களா, நிற்கவில்லை!" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டலுக்குக் காத்து நிற்பார். பிடுங்கிப் பிடுங்கியே கொக்கி உடைந்தது. மாற்றலாம் என்றால், "அது சிங்கப்பூரில நான் வாங்கினது ஐசே, கை வைக்காதையும்" என்பார். என்ன மனிதனப்பா!

கண் ஒப்பரேஷனுக்காக அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அம்பிட்டியவில் நான் வாடகைக்கு இருந்த அறையில் தங்கியிருந்தார். வீட்டில் புதிதாக ஒரு தமிழர் தங்கினால் பொலிசில் பதிய வேண்டும். அதற்காக ஒரு நாள் காலை அரை நாள் லீவு கேட்டேன். லீவுக்குக் கையெழுத்து வைத்தவர் முகாமையாளர்தான்.

மத்தியானம் நான் வந்தபோது மருத்துவமனை கலங்கிப்போய் இருந்தது. காலையிலிருந்து கணினிகள் ஓடுவதும் உறைவதுமாக இருந்தனவாம். முடிவு வராத நோயாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். சதிவேலை என்று யாரோ சொல்ல, பொலிஸ் வந்திருந்தது. சேர்வர் அறைச் சாவி யாரிடம் என்று கேட்டார்கள். முகாமையாளர் சிங்களத்தில், தெளிவாக, என்னைக் காட்டி, "இவரிடம்" என்றார். தன் சட்டைப் பையில் இருந்த இன்னொரு சாவியைப் பற்றி ஒரு சொல் இல்லை. லீவு பற்றியும் இல்லை. நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். கண்ணும் தெரியாமல், சிங்களமும் தெரியாமல் தனியே இருக்கும் அம்மாவை நினைத்துக்கொண்டே போனேன். அந்தக் காலத்தில் உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது.

பொலிஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவர் காலையில் இங்கேதானே நின்றார்" என்று சிங்களத்தில் சொல்லிப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். அம்மாவின் பெயர், என் கையெழுத்து, நேரம். எங்களைச் சந்தேகப்பட்டு வைத்திருந்த புத்தகம் என்னை வெளியே விட்டது. என் இனத்தவர் விடவில்லை.

மறுநாள் வரவேற்பு மேசையில் இருந்த பெண், கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடக்காரி, மெதுவாகச் சொன்னாள்: "பெரிய சேர்தானே நேத்து காலயில கொழும்பு ஆக்கள கூட்டிக்கிட்டு சேர்வர் ரூமுக்கு போன. எங்கிட்ட யாருமே கேக்கல்ல." நடந்ததையெல்லாம் சேர்வர் நேரத்தோடு குறித்து வைக்கும் பதிவைத் திறந்தேன். நான் பொலிஸ் வரிசையில் நின்ற நேரத்தில் முதல் வயர் விட்டிருந்தது. அவர் பிடுங்கித் திரும்பச் செருகிய, கொக்கி இல்லாத வயர் ஏசிக் காற்றில் ஆட ஆட, தொடுப்பு வருவதும் போவதும். வந்த ஒவ்வொரு முறையும் சேர்வர் அந்த உதவாத வயருக்கே திரும்பி ஓடியிருந்தது. பதிவை அச்சடித்து முகாமையாளர் முன் வைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "நானும் தமிழன்தானே ஐசே, நான் என்ன செய்யிறது?" என்றார். அந்த வாயால் தமிழன் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். "மனசில வைச்சிருக்காதையும். எல்லாம் பழையபடி வந்திட்டுது, போய் உம்மடை இடத்தில இரும்."

சீ! போய்ச் சேர்வரின் அமைப்பை மாற்றினேன், இனி ஆள் பார்த்துத்தான் திரும்பும் என்று. நீல வயரைக் கழற்றிப் பையில் போட்டேன். ராஜினாமாக் கடிதத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் அவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். குரல் தளர்ந்திருந்தது, தமிழ் மட்டும் நன்றாக வந்தது. "கண்டிக்கு வாறன். உம்மடை வீட்டிலதான் தங்கப் போறன். பழசெல்லாம் முடிஞ்சுதானே." நான் லாச்சியைத் திறந்து வயரைக் கையில் எடுத்தேன். கொக்கி இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். எத்தனையோ வருடம் சேர், சேர் என்று அவரைக் கூப்பிட்ட அதே வாயால் சொன்னேன்:

"வராதையும்."