டிவியில் மட்டும் வெளியே வந்த மோட்டார்

அவனியாபுரம் ஜெயபாண்டி பார்க்கும் வேலைக்குப் படிப்பு கிடையாது, பட்டம் கிடையாது, பெயர்கூடச் சரியாகக் கிடையாது. ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் அறுந்து விழுந்துவிட்ட மோட்டாரை வெளியே எடுப்பார். ஆறரை அங்குல ஓட்டை, அதற்குள் நானூறு அடி இருட்டு, அந்த இருட்டில் எங்கோ எழுபது கிலோ இரும்பு. ஓட்டையின் மேல் முக்காலி நட்டு, கம்பிவடத்தின் நுனியில் கொக்கியைக் கட்டி இறக்குவார். வடத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் யாரையோ தெரியாததுபோல, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். மோட்டாரின் தலைப்பக்கம் ஒரு வளையம் இருக்கும். கொக்கி அதைக் கடித்ததும் விரலுக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கைக்கு வராமல் எந்த மோட்டாரும் உள்ளே தங்கியதில்லை.

கொக்கியை இறக்குமுன் ஒரு விசாரணை உண்டு. கிணற்றுக்காரரை எதிரே உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"எப்படி விழுந்துச்சு?"

"தானா விழுந்துருச்சுண்ணே."

"தானா விழுக அது என்ன பழுத்த மாங்காயா? உள்ளதைச் சொன்னா கொக்கியை எடுக்கிறேன். இல்லேன்னா வண்டிய எடுக்கிறேன்."

பிறகு உண்மை வரும். மச்சினன் கயிற்றைப் பிடித்திருந்தான், போன் வந்தது, விட்டுவிட்டான். அந்த உண்மையை வைத்துத்தான் எந்தக் கொக்கி, எத்தனை அடி, எந்தப் பக்கச் சாய்வு என்று அவர் முடிவு செய்வார். பொய் சொன்ன கிணற்றில் கொக்கி கடிக்காது என்பது அவர் தொழிலின் ஒரே சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் எந்தக் கிணறு கூப்பிட்டாலும் போகமாட்டார். 'இப்படியும் ஒரு பொழப்பு' ஓடும் நேரம் அது. பிணவறையில் வேலை பார்க்கும் பெண், ஆலைப் புகைபோக்கிக்குள் இறங்குகிறவர், கோயில் கோபுரத்தில் தேன்கூடு எடுக்கிறவர் என்று வாரம் ஒருவரைப் பிடித்துவந்து, அவர் வேலையைக் காட்டி, கடைசியில் அழவைத்து அனுப்புவார்கள். மனைவி முனீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பார்ப்பாள். ஜெயபாண்டி திட்டிக்கொண்டே பார்ப்பார்.

"அது வேர்வையா? சலூன்ல முடிக்கு அடிக்கிற பாட்டில் தண்ணி. புகைபோக்கிக்குள்ள எறங்குனவன் பல்லு அம்புட்டு வெள்ளையா இருக்குமா? இந்தா, வயலின் ஆரம்பிச்சுட்டான். இப்ப அழுவான் பாரு."

திரையில் அவன் அழுவான். ஜெயபாண்டிக்கு அதில் ஒரு வெற்றி. ஊரில் அந்த நிகழ்ச்சியை அவரளவுக்கு இழிவாகப் பேசியவர் கிடையாது. அவரளவுக்கு ஒரு வாரமும் விடாமல் பார்த்தவரும் கிடையாது.

ஒருநாள் மகள் பாண்டிமீனா அவர் போனைப் பார்த்தாள். ஒத்தக்கடை கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், சிரிப்பை அடக்கத் தெரியாதவள். 'உங்கள் ஊர் நாயகரை அறிமுகப்படுத்துங்கள்' என்று திரையின் அடியில் ஓடும் எண்ணுக்கு, ஜெயபாண்டி மோட்டார் தூக்கும் வீடியோக்கள் ஏழு போயிருந்தன.

"நீங்களாப்பா அனுப்புனீங்க?"

"வெரல் பட்டு தானா போயிருச்சு."

"ஏழும் தானா போக அது என்ன பழுத்த மாங்காயாப்பா?"

ஒரு மாதத்தில் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். டைரக்டர் விஜய்ஆனந்த் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். பிறந்தது மதுரை, பிழைப்பு எட்டு வருஷமாகச் சென்னை. போனில் அம்மாவோடு வீட்டுப் பாஷையில் பேசும்போது மட்டும் மனுஷக் குரல். மற்ற நேரமெல்லாம் எதிரில் இருப்பவர் ஏற்கெனவே டிவிக்குள் இருப்பதுபோலப் பேசுவான்.

படப்பிடிப்பு செவ்வாய்க்கிழமை. ஆனால் செவ்வாய்க்கிழமைக்கென்று எவன் கிணற்றில் மோட்டார் விழும்?

"ஒரு பழைய மோட்டாரை நாமளே போட்டுக்கலாம்ணே," என்றான் விஜய்ஆனந்த். "கிணறு மட்டும் பச்சைப்பசேல்னு ஒரு எடத்துல வேணும்."

முனீஸ்வரியின் அண்ணன் நல்லகாமனுக்கு ஊருக்குத் தெற்கே ஒரு ஏக்கர் வெண்டைக்காய். பூ எடுத்திருந்த சமயம். அவருடைய மோட்டார் எரிந்துபோய், செம்புக்கம்பி மாற்றிக் காயில் கட்டக் கொடுத்திருந்ததால் கிணறு வியாழக்கிழமைவரை சும்மாதான் கிடந்தது. அந்தத் தோட்டத்துக்கு அதைவிட்டால் வேறு தண்ணீர் இல்லை.

"வியாழக்கிழமை எம்மோட்டாரு வந்துரும் மாப்ள. அதுக்குள்ள வெளாட்ட முடிச்சுக்க," என்றார் நல்லகாமன்.

"மச்சான், நான் எடுக்காத மோட்டாரா?"

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஜெயபாண்டி முகத்தில் ஒருவன் கரி பூசினான். இன்னொருவன் பாட்டிலால் தண்ணீர் பீய்ச்சினான். சலூன் பாட்டிலேதான். ஜெயபாண்டி கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் கொடுத்தார். முனீஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை முறையாகத்தான் செய்தார். பழைய மோட்டாரை நைலான் கயிற்றில் கட்டி நானூறு அடிக் கிணற்றின் அடிவரை மெதுவாக இறக்கி, கயிற்றின் நுனியைக் கேமராவுக்குத் தெரியாமல் முக்காலியின் பின்காலில் முடிந்துவைத்தார். கொக்கியை இறக்கினார். பதினோராவது நிமிஷம் கடித்தது. முக்கால் மணி நேரத்தில் மோட்டார் ஓட்டையின் வாய்க்கு வந்து, சேறு சொட்ட நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள்.

விஜய்ஆனந்துக்கு முகம் விழுந்துவிட்டது.

"சூப்பர்ணே. ஆனா ரொம்ப லேசா வந்துருச்சு. ஒரு மணி நேர புரோகிராம்ணே. போராட்டம் வேணும்."

"லேசா வந்தாத்தான் தொழில்காரன் தம்பி."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பாக்குறவங்களுக்கு நீங்க கஷ்டப்படணும்ணே. இன்னொருக்காப் போடுவோம். இந்தத் தடவை கயிறு வேணாம், கேமராவுல கோடு தெரியுது. அப்படியே விடுங்க, விழுகிற சத்தம் வேணும். அப்புறம் மோட்டார் தலையில கம்பெனிப் பேரு இருக்கு. அது தெரியக் கூடாது. திருப்பி விட்டுருங்க."

ஜெயபாண்டி மோட்டாரைப் பார்த்தார். திருப்பி விட்டால் வளையம் கீழே போய்விடும். மேலே நிற்பது உருண்டையான அடிப்பாகம், உரித்த முட்டைபோல. கொக்கி கடிக்க அதில் ஒன்றுமே இல்லை. இந்தத் தொழிலில் முதல் நாள் இறங்கியவனுக்கும் இது தெரியும்.

"நீங்கதான் சார் இந்த எபிசோடோட ஹீரோ. உங்களால முடியாததா?" என்றாள் தொகுப்பாளினி ஸ்ரீவர்ஷினி. வாரா வாரம் எல்லோரிடமும் அவள் சொல்கிற அதே வாக்கியம். போன ஞாயிற்றுக்கிழமைகூட ஜெயபாண்டி அதைக் கேட்டுத் துப்பியிருந்தார்.

அவர் மோட்டாரைத் திருப்பினார். விட்டார். சத்தம் அருமையாகப் பதிவானது.

அந்த நேரத்தில் நல்லகாமனும் அவர் மனைவி இருளாயியும் அங்கே இல்லை. அழுகிற கிணற்றுக்காரர்களாக நடிக்க, வீட்டுக்குள் உட்காரவைத்திருந்தார்கள். "என்னத்துக்கும்மா அழுகணும்? எம்மோட்டாரு காயில் கட்டத்தான போயிருக்கு," என்று இருளாயி கேட்டாளாம். செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அவள் நினைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள்.

மோட்டார் இருநூற்றுப் பத்தடியில் பாறை இடுக்கில் சொருகி நின்றுவிட்டது. ஜெயபாண்டி கொக்கியை இறக்கினார், வழுக்கியது. கொக்கியை மாற்றினார், வழுக்கியது. இரண்டு மணி நேரத்தில் பாட்டில் தண்ணீருக்கு அவசியமில்லாமல் போயிற்று. விஜய்ஆனந்த் பூரித்துப்போய், "இதான்ணே, இதான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான்கு மணிக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டினார்கள். சாயங்கால விமானத்துக்கு நேரமாகிவிட்டது, விமான நிலையம் பக்கத்தில்தான் என்றாலும்.

"மோட்டாரு உள்ள கிடக்கேய்யா," என்றார் ஜெயபாண்டி.

"கவலைப்படாதீங்கண்ணே. வெளிய வர்றதுதான் காலையிலேயே எடுத்தாச்சே. அதைக் கடைசில ஒட்டிக்குவோம்."

வேன் போனபிறகு நல்லகாமன் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, இன்னும் வரலையா?"

"தூக்கும்போது கொக்கி நழுவிருச்சு மச்சான். காலையில எடுத்துருவேன்."

புதன், வியாழன், வெள்ளி, சனி. ஜெயபாண்டி விடிந்ததும் வருவார், இருட்டியதும் போவார். தன்னிடமிருந்த ஒன்பது கொக்கிகளையும் இறக்கிப் பார்த்தார். ஒன்பதும் கடிக்காது என்று அவருக்கே தெரியும். விரலுக்கு வெறுமனே வேலை கொடுத்துக்கொண்டிருந்தார். கப்பலூர்ப் பக்கத்து முத்திருளனிடம், வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கிற பல் வைத்த இரும்புக் குழாய் ஒன்று இருந்தது. லேத்தில் கொடுத்துச் செய்தது. "கொக்கி பிடிக்கத் தெரியாத பய, குழாய் வச்சிருக்கான்" என்று டீக்கடை டீக்கடையாக அதைச் சொல்லிச் சிரித்தவர் ஜெயபாண்டிதான். அவனிடம் போய்க் கேட்பதைவிட, ஒரு ஏக்கர் வெண்டை வாடுவது அவருக்கு லேசாக இருந்தது. வியாழக்கிழமை காயில் கட்டி வந்த மோட்டார், இறங்க வழியில்லாமல் களத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. சனிக்கிழமை பூக்கள் கொட்ட ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நல்லகாமன் வீட்டில் தெருவே கூடியிருந்தது. ஜெயபாண்டியையும் தோட்டத்திலிருந்து இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். திரையில் அவர் கரி முகத்தோடு போராடினார். வயலின் வந்தது. 'அறுநூறு அடி ஆழம், ஒரு குடும்பத்தின் கண்ணீர்' என்று குரல் சொன்னது. இருளாயி தன் அப்பாவுக்காக அழுதாள். கடைசியில் மோட்டார் சேறு சொட்ட, மெதுவாக, மிக மெதுவாக, வெளியே வந்தது. தெரு கை தட்டியது. முனீஸ்வரி மட்டும் அழவில்லை. அந்த நிகழ்ச்சியைப் பார்த்து அவள் அழாத முதல் வாரம் அதுதான்.

நல்லகாமன் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "டிவிக்காரன் மோட்டார எடுத்துட்டான். நீ எப்ப மாப்ள எடுப்ப?"

சிரித்தவர்களுக்கு அது கேலி. ஜெயபாண்டிக்கு அது கேலியாகப் படவில்லை.

மறுநாள் காலை அவர் தோட்டத்துக்கு வந்தபோது, முத்திருளன் தன் குழாயோடும் கொக்கியோடும் கிணற்றடியில் நின்றான். இருளாயி கூப்பிட்டிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றாள். "டிவில வந்த மோட்டாரு செடிக்குத் தண்ணி பாய்ச்சல."

முத்திருளன் ஓட்டையைப் பார்த்தான், ஜெயபாண்டியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"நேத்து டிவில வந்துருச்சேண்ணே."

"வந்துச்சு."

"சரி. எப்படி விழுந்துச்சு?"

நல்லகாமன்தான் பதில் சொன்னார். "தூக்கும்போது கொக்கி நழுவிருச்சாம்."

"அப்பத் தலை மேலதான் இருக்கும். கொக்கியே போதும்," என்று முத்திருளன் குழாயை ஓரமாகப் போட்டுவிட்டுக் கொக்கியை எடுத்து வடத்தில் கட்டினான். கட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "தானா நழுவ அது என்ன பழுத்த மாங்காயான்னு நம்ம தொழில்ல ஒரு சொலவடை உண்டு," என்றான். அது யார் சொன்ன சொல் என்று அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ.

கொக்கி இறங்கியது. முப்பது அடி, ஐம்பது அடி. முத்திருளன் கைகள் நிதானமாக வடத்தை விட்டன. அதுவும் வழுக்கும். மத்தியானம்வரை வழுக்கும், பிறகு அவன் கையை உதறிக்கொண்டு போய்விடுவான். 'முத்திருளனாலேயே முடியலையாம்' என்று ஊர் பேசும். ஜெயபாண்டி பெயரில் ஒரு கீறல் விழாது. கிணறு மட்டும் மூடிக்கொள்ளும். அவர் செய்ய வேண்டியது சும்மா நிற்பது ஒன்றுதான்.

இருளாயி வெண்டைப் பாத்தியில் குனிந்து, உதிர்ந்த பூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கும் ஆகாத பூக்கள்.

"கொக்கிய மேல ஏத்து," என்றார் ஜெயபாண்டி.

"என்னண்ணே?"

"குழாயப் போடு. மோட்டாரு தலைகீழாக் கிடக்கு."

"நழுவுனது எப்படிண்ணே தலைகீழா..."

"நழுவல. நான்தான் திருப்பிப் போட்டேன். கயிறு கட்டாமப் போட்டேன். கம்பெனிப் பேரு டிவில தெரியக் கூடாதுன்னானுக."

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்து உதறினார்.

"தெரிஞ்சே போட்டியா மாப்ள?"

"தெரிஞ்சேதான்."

முத்திருளன் சிரிக்கவில்லை. அதுதான் ஜெயபாண்டிக்குப் பொறுக்கவில்லை. வடத்தை மேலே ஏற்றிக் கொக்கியைக் கழற்றிவிட்டு, குழாயை மாட்டினான். "எத்தனை அடில நிக்கிது, எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?" என்று தொழில்காரனிடம் தொழில்காரன் கேட்பதுபோலக் கேட்டான். ஜெயபாண்டி சொன்னார். இருநூற்றுப் பத்து. கிழக்கே. ஒரு கை அளவு.

மூன்றாவது தடவை குழாய் கவ்வியது. இழுக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. "பிடி," என்றார் நல்லகாமன். மாப்ள என்று சேர்க்கவில்லை. ஜெயபாண்டி வடத்தைப் பிடித்தார். மத்தியானம் மோட்டார் வெளியே வந்தது, அடிப்பாகம் முதலில். யாரும் கை தட்டவில்லை. ஈரத் தரையில் அதை உருட்டிவிட்டு, நல்லகாமன் காலால் திருப்பி, தலையிலிருந்த கம்பெனிப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டு வாசித்தார்.

நல்லகாமனின் சொந்த மோட்டாரை இறக்கி முடித்தபோது மணி நான்கு. தண்ணீர் முதலில் செம்மண்ணாக வந்தது, பிறகு தெளிந்தது. முக்கால்வாசி வெண்டை பிழைக்கும் என்றாள் இருளாயி.

வரப்பில் உட்கார்ந்திருந்த ஜெயபாண்டியின் போன் அடித்தது. சிவகங்கைப் பக்கம் ஒரு குரல். "டிவில பாத்தோம்ணே. அறுநூறு அடியிலேருந்தே எடுத்துட்டீங்கள்ல. எங்க மோட்டாரும் விழுந்துருச்சு, ஒடனே வரணும்."

ஜெயபாண்டி வழக்கமான கேள்வியைக் கேட்க வாயெடுத்தார். கிணற்றடியில் குழாயைக் கழுவிக்கொண்டிருந்த முத்திருளன் நிமிர்ந்து பார்த்தான்.

"அது நானூறு அடிதான்யா," என்றார் ஜெயபாண்டி. "நம்பர் தாரேன், எழுதிக்கங்க. கப்பலூர்ல ஒரு பையன் இருக்கான்."