படத்தில் இருந்த கறுப்பு வேட்டிகள்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அந்தச் செய்தி என் போனில் வந்தது. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய இணைப்பு. ‘மலைக்கோயில் ஓடையில் திடீர் வெள்ளம், ராஜபாளையம் இளம்பெண் அடித்துச் செல்லப்பட்டார்.’

அன்று ஆடி அமாவாசை. வத்திராயிருப்புக்கு மேலே இருக்கும் அந்தக் கோயிலுக்கு என் மகள் தன் அத்தையோடு விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தாள். நாங்களும் ராஜபாளையம்தான். மகளுக்கு வயது இருபது. செய்தியிலும் ‘இருபது வயது மதிக்கத்தக்க’ என்றுதான் இருந்தது. பெயர் இல்லை.

இரண்டு பேருக்கும் மாறி மாறி அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் சிக்னல் கிடைக்காது என்பது தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தேன்.

எங்கள் வீட்டில் யார் எந்தச் செய்தியைக் காட்டினாலும் தேதி எங்கே, எழுதியது யார் என்று கேட்கிறவள் நான். அதையே செய்தேன். தேதி இல்லை, ‘இன்று’ என்று மட்டும் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. வேறு தளங்களில் தேடினேன். நான்கைந்தில் இருந்தது. வாசித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே வரிகள், ஒரே படம். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

படத்தைப் பெரிதாக்கினேன். கயிற்றைப் பிடித்து ஓடையைக் கடக்கிற கூட்டம். ஆண்கள் பாதிப் பேர் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் யார் கறுப்பு உடுத்தி மாலை போடுகிறார்கள்? அது கார்த்திகை, மார்கழிக் கூட்டம்.

“இது பழைய படம். பொய்ச் செய்திங்க” என்று கணவரிடம் கத்தினேன்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். “படம் பழசுன்னா சேதியும் பழசா? கையில கெடச்ச படத்தைப் போட்டிருப்பான். கெளம்பு.”

அந்த ஒரு வார்த்தையில் நான் பிடித்துக்கொண்டிருந்தது கையைவிட்டுப் போனது.

பைக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கேட்டேன். எல்லோரும் போனில் பார்த்ததாகவே சொன்னார்கள். ஒருவர் எனக்கே அந்த இணைப்பைத் திரும்ப அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்களின் உடுப்பெல்லாம் ஈரம். படியில் நின்றே ஒரு பெண் சொன்னாள்: “ரெண்டு பேராம்க்கா.”

“நீங்க பாத்தீங்களா?”

“இல்ல, பஸ்ஸுல பேசிக்கிட்டாவ.”

அவள் பின்னால் வந்த வேட்டிக்காரர் அவளை முறைத்தார். “ஏட்டி, செத்த நேரம் வாயை மூடுதியா? ரெண்டு இல்ல, ஒண்ணு. நான் கண்ணால பாத்தேன். ஒரு பிள்ளையத் தண்ணி உருட்டிட்டுப் போச்சு.”

“பொறவு?”

“பொறவு போலீஸ்காரவ எங்களைத் தள்ளிக் கீழ எறக்கிட்டாவ.”

“என்ன உடுத்தியிருந்துச்சு?”

“பச்சையோ நீலமோ. சுடிதாரு.”

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. காலையில் என் மகள் என்ன நிறம் உடுத்திப் போனாள்? இருட்டில் கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். டீ கொடுத்தேன், தலையைத் தடவினேன். நிறம் மட்டும் நினைவில் வரவில்லை. கணவரைக் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்க எனக்குத் துணிவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் வந்த வண்டியிலிருந்து என் நாத்தனார் இறங்கினாள். தனியாக. அவள் திரும்பிக் கையை நீட்ட, அதைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, யாருடைய சேலையையோ சுற்றிக்கொண்டு என் மகள் இறங்கினாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

“திட்டாதம்மா. பையும் போனும் போச்சு. அத்தை போன் நனைஞ்சு செத்துப்போச்சு. கீழ வந்து கடைக்காரர் போன்ல எத்தனை தடவை அடிச்சோம், நீ பேசிக்கிட்டே இருந்த.”

அவளைக் கட்டிக்கொண்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஓடையில ஒரு வளைவு தள்ளி மர வேரைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுக் கெடந்தா மதினி. கரையில நின்னவிய அம்புட்டுப் பேரும் இவ போயிட்டான்னுதான் சொன்னாவ. செத்த நேரம் நானும் அதைத்தான் நம்புனேன்.”