லேசருக்கு வைத்த பொட்டு

போன வாரம் விஜயதசமி. துவாக்குடியில் நான் சூப்பர்வைசராக இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் நல்ல நேரம் பார்த்து மெஷின்களை ஓட்டினோம். எல்லாம் ஓடின... லேசரைத் தவிர!

லேசர் என்றதும் சினிமாவில் வரும் சிவப்புக் கோடு ஞாபகம் வருகிறதா? மறந்துவிடுங்கள். இரும்புத் தகடு வெட்டும் எங்கள் கதிர் கண்ணுக்கே தெரியாது. பட்டால்தான் தெரியும். அன்று அது தகட்டை மேலாகக் கீறியதோடு சரி, வெட்டவில்லை.

ஆபரேட்டர் வரதன் ஸ்ரீரங்கத்துக்காரர். முதல் நாள் ஆயுத பூஜையும் அவர் பொறுப்புதான். நல்ல நாளும் அதுவுமாக இப்படி ஆயிற்றே என்று அவருக்கு முகமே விழுந்துவிட்டது. மெஷின் ஓடும்போதே அதன் கதவைத் திறந்து பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

"திறந்தா தானா ஆஃப் ஆயிடும் சார், பயமில்லை."

வெட்டிய தகடுகளை ஏற்ற வாசலில் லாரி நிற்கிறது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், நான் போன் செய்திருந்த மெயின்டனன்ஸ் இன்ஜினீயர் ஸ்டெல்லா பாலக்கரையிலிருந்து வந்துவிட்டார்.

வந்தவர் மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டார். சாவியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம்... சும்மா நின்றார்! அணைத்த பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்குமாம், வடிய வேண்டுமாம். எனக்கு எரிச்சலான எரிச்சல். ஒருவழியாகக் கதவைத் திறந்து, மிச்சக் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பியால் உள்ளே தொட்டார். 'டப்' என்று ஒரு பொறி! என் எரிச்சல் அப்படியே அடங்கிவிட்டது.

டார்ச் அடித்துப் பார்த்தால், கதிரைத் திருப்பிவிடும் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனமும் குங்குமமும் கருகி ஒட்டியிருக்கின்றன. மெஷினுக்கு அதுதானே முகம் என்று வரதன் பொட்டு வைத்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. கதவோரத்து ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் ஸ்விட்ச் அது; அழுந்தியே இருந்தால் கதவு மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். அதை அழுத்திப் பிடித்துப் பூ நாரால் கட்டியிருந்தது! தீபாராதனை காட்டக் கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே விளக்குகளும் எரிய வேண்டும் என்று வரதன்தான் கட்டியிருக்கிறார். பூஜை முடிந்த பரபரப்பில் அவிழ்க்க மறந்துபோனார்.

"பொட்டு வெச்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க. வேற கண்ணாடி இருக்கு, மாட்டிக்கலாம்," என்றார் ஸ்டெல்லா. "ஓடும்போது திறந்திருந்தீங்கன்னா உங்க கண்ணுக்கு நான் எங்கங்க போறது?"

வரதன் குனிந்து நாரை அவிழ்த்தார். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? சரி என்று சொல்ல இருந்தவன் நான்தானே?

புதுக் கண்ணாடி மாட்டி, கதவைத் திறந்தால் மெஷின் நிற்கிறதா என்று சோதித்த பிறகுதான் ஸ்டெல்லா ஓட்டவிட்டார். தகடு வெட்டுப்பட்டது. மத்தியானம் லாரி கிளம்பியது.

பூஜையன்று நாங்கள் எல்லோரும் கைகூப்பி வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான் — யாருக்கும் ஒரு காயமும் படக் கூடாது. அதற்கென்றே இருந்த ஸ்விட்சைக் கட்டிப்போட்டுவிட்டு!